வீடியோ கேம்களின் வரலாறு – 14: பயோவேரும் ரசிகர்கள் மறக்காத கணக்கும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகரான எட்மன்டனில் 1995-ஆம் ஆண்டு மருத்துவர்கள் மூவர் முன்னின்று தொடங்கிய பயோவேர் என்னும் ஸ்டூடியோ, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கதையை மையமாகக் கொண்ட வீடியோ கேம்களுக்கு உலகெங்கும் அளவுகோலாக உயர்ந்தது. அதற்கடுத்த பதினைந்து ஆண்டுகளில் தன் ரசிகர்களிடமே அது நம்பிக்கை இழந்தது. இந்த இழப்பு, வாங்கிய பொருள் சரியில்லை என்று வாடிக்கையாளர் கொள்ளும் மனக்குறையோடு நின்றிருந்தால் இத்தொடரில் அதற்குத் தனிப்பகுதி தேவைப்பட்டிருக்காது. முடிவெடுத்தவர் அதன் விளைவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பாடத்தை ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் ரசிகர்களுக்குப் பயிற்றுவித்த ஸ்டூடியோ அது; அதே பாடத்தைக் கொண்டு ரசிகர்கள் அந்த ஸ்டூடியோவை அளக்கத் தொடங்கியபோதுதான் அதன் சரிவு வெளிப்பட்டது.

ரே மியூசைக்கா, கிரெக் ஜெஷக், அகஸ்டின் யிப் ஆகிய அந்த மருத்துவர்கள், மருத்துவக் கல்விக்கான மென்பொருள்களில் பெற்ற பழக்கத்தோடு கேம் உருவாக்கத்துக்கு வந்தவர்கள். 1998 டிசம்பரில் இன்டர்பிளே நிறுவனத்தின் வழியே வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட்’ அவர்களது ஸ்டூடியோவுக்குப் பெயரைத் தேடித் தந்தது. ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களை வளர்த்து, உரையாடலிலும் போரிலும் அதன் சார்பாக முடிவெடுத்து ஆடுவதே ‘ரோல்-பிளேயிங்’ எனப்படும் ஆட்ட வகை. பகடையும் தாளும் வைத்து நண்பர்கள் கூடி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளைக் கணினிக்குக் கொண்டுவந்த பால்டர்ஸ் கேட், வழக்கொழியும் நிலையிலிருந்த அந்த வகைக்குப் புத்துயிர் அளித்தது. 2003-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ அந்தப் பெயரைத் திரைப்பட ரசிகர்கள் வரைக்கும் கொண்டு சேர்த்தது.

ஆனால் ரசிகர்களுக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையே இத்துறையில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நெருக்கமான உறவை உண்டாக்கியது 2007 நவம்பரில் தொடங்கிய ‘மாஸ் எஃபெக்ட்’ வரிசையே ஆகும். விண்வெளியில் நிகழும் இக்கதையை மூன்று ஆட்டங்களாகப் பகுத்த ஸ்டூடியோ, முதல் ஆட்டத்தின் சேமிப்புக் கோப்பை, அதாவது ஆடியவரின் முடிவுகள் பதிவாகியிருக்கும் தரவை, இரண்டாம் ஆட்டத்துக்கும் பிறகு மூன்றாம் ஆட்டத்துக்கும் கொண்டுசெல்ல வழிசெய்தது. இதன் விளைவு எத்தகையது என்பதை ரெக்ஸ் என்னும் பாத்திரத்தைக் கொண்டு அறியலாம். ரெக்ஸ் குரோகன் என்னும் வேற்றுக்கோள் இனத்தைச் சேர்ந்த கூலிப்படை வீரர்; அவரது இனம், பெரும்பாலான கருக்களை அழிக்கும் ஒரு செயற்கை நோயால் மெல்ல அழிந்துகொண்டிருப்பது. விர்மயர் என்னும் கோளில் அந்நோய்க்கான மருந்து உருவாகும் கூடத்தையே தகர்க்க வேண்டிய நிலை வரும்போது, ஆடுபவரின் பாத்திரமான கமாண்டர் ஷெப்பர்டும் ரெக்ஸும் கடற்கரையில் துப்பாக்கியை நீட்டியபடி எதிரெதிரே நிற்கிறார்கள். ஷெப்பர்டுக்குப் பேசி இணங்கவைக்கும் திறன் போதிய அளவு இருந்தாலோ, முன்னரே ரெக்ஸின் குடும்பக் கவசத்தை மீட்டுக் கொடுத்திருந்தாலோ அவர் பிழைப்பார். இல்லையெனில் அங்கேயே சுடப்பட்டு இறக்க நேரிடும். பிழைத்தவர் 2010-இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் தன் குலத்தின் தலைவராக அமர்ந்து ஷெப்பர்டை நண்பராக வரவேற்பார். இறந்திருந்தால் அந்த இருக்கையில் ரீவ் என்னும் கொடிய சகோதரன் அமர்ந்திருப்பான். மூன்றாம் ஆட்டத்தில் நோயை நீக்கும் மருந்தைப் பரப்புவதாகச் சொல்லிவிட்டு ஷெப்பர்டு அதை ரகசியமாகக் கெடுத்தால், உயிரோடிருக்கும் ரெக்ஸ் உண்மையை அறிந்து நேரில் வந்து கணக்குக் கேட்பார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் வீட்டில் அமர்ந்து எடுத்த முடிவை ஆட்டம் மறக்காமல் வைத்திருந்தது என்பது, அக்காலத்து ஆட்டக்காரர்களுக்கு மிகப் பெரிய மதிப்பாகத் தோன்றியது, அது மதிப்புதான்.

இந்த வரிசை வளர்ந்த காலத்திலேயே ஸ்டூடியோவின் உடைமை மாறியது. ஆட்டங்களுக்கு முதலீடு செய்து, விளம்பரப்படுத்தி, சந்தைக்குக் கொண்டுசெல்லும் பதிப்பு நிறுவனங்களுள் பெரியதான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், பயோவேரையும் பாண்டெமிக் என்னும் மற்றொரு ஸ்டூடியோவையும் சேர்த்து ஏறத்தாழ 86 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக 2007 அக்டோபரில் அறிவித்து, 2008 ஜனவரியில் அதை முடித்தது. இரண்டே ஆண்டுகளில் பாண்டெமிக் மூடப்பட்டதை ரசிகர்கள் கெட்ட சகுனமாகக் கண்டார்கள். பின்னாளில் ஏற்பட்ட எல்லாத் தவறுகளையும் உடைமையாளர் தலையிலேயே சுமத்தும் வழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எனினும் பயோவேரின் தலைசிறந்த ஆட்டங்களாகப் பலரும் கருதும் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’, ‘மாஸ் எஃபெக்ட் 2’ ஆகிய இரண்டும் அந்த உடைமையின் கீழ் வெளிவந்தவை என்பதால் அவ்விளக்கத்தை முழுமையாக ஏற்க இயலாது.

விரிசலின் முதல் அடையாளம் 2011 மார்ச்சில் வந்த ‘டிராகன் ஏஜ் 2’. பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய முதல் பாகத்துக்குப் பின், இரண்டாம் பாகம் ஒன்றரை ஆண்டுக்குள் அவசரமாக முடிக்கப்பட்டது. கிர்க்வால் என்னும் ஒரே நகரில் பத்தாண்டுகள் நிகழும் அதன் கதை துணிச்சலானது. ஆனால் ஆடியவர்கள் நுழைந்த குகைகள் பெரும்பாலும் ஒன்றே. ஒரே குகையின் சில வாயில்களைக் கற்பலகையால் அடைத்து வேறு குகையாகக் காட்டியிருந்தார்கள். திரை மூலையிலிருந்த சிறு வரைபடமோ அடைக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்தே காட்டிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் சுட்டிக்காட்டிச் சலித்துக்கொண்டது பெரிதும் இதைத்தான்.

2012 மார்ச் 6 அன்று வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ இந்தச் சலிப்பைக் கிளர்ச்சியாக மாற்றியது. வெளியீட்டு நாளிலேயே ‘ஃப்ரம் ஆஷஸ்’ என்னும் கூடுதல் பகுதி 10 டாலருக்குத் தனியே விற்கப்பட்டது. கதையின் மையப் புதிரோடு தொடர்புடைய பண்டைய இனத்தின் கடைசி உயிர் அதற்குள்தான் இருந்தது என்பதால், முழு ஆட்டத்துக்கு விலை கொடுத்தவர்களுக்குக் கதையின் ஒரு துண்டு வெட்டி விற்கப்பட்டதாகவே பட்டது. மேலும், தனியாளாக ஆடும் கதையின் மிகச் சிறந்த முடிவை எட்டுவதற்கு, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் பகுதியிலும் நேரம் செலவிட வேண்டியிருந்தது. இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளப்பட்டிருக்கும், கடைசிப் பத்து நிமிடங்கள் மட்டும் வேறுவிதமாக அமைந்திருந்தால்.

அந்த முடிவில், அதுவரை கதையில் தோன்றியிராத ஒரு சக்தி குழந்தை வடிவில் வந்து மூன்று வழிகளை முன்வைக்கிறது: எதிரி இயந்திரங்களை அழிப்பது, அவற்றைக் கட்டுப்படுத்துவது, உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்குவது. எதைத் தேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சிகளே ஓடின. விண்வெளியில் பரவிய ஒளியின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என மாறியது. ரெக்ஸ் பிழைத்தாரா, இறந்தாரா, அவரது இனம் மீண்டதா, ஏமாற்றப்பட்டதா என்பவை எவற்றுக்கும் அக்காட்சிகளில் இடமில்லை. இன்ன முடிவு, இன்ன முடிவு என்று எண்ணிச் சொல்லக்கூடிய வழக்கமான முடிவுகளைப் போல இது இராது என வெளியீட்டுக்கு முன்பே இயக்குநர் கேசி ஹட்சன் நேர்காணலில் உறுதியளித்திருந்தமையால், ரசிகர்கள் கைவிடப்பட்டவர்களாக உணர்ந்தார்கள். மூன்று ஆட்டங்களிலும் நூறு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டவர்கள் சேர்த்துவைத்த முடிவுகளை, ஆட்டமே கடைசிப் பக்கத்தில் தள்ளுபடி செய்துவிட்டது. அவர்களது கோபம் நியாயமானது.

கோபம் வெளிப்பட்ட விதங்கள் பலதிறத்தன. ‘ரீடேக் மாஸ் எஃபெக்ட்’ என்ற பெயரில் திரண்ட ரசிகர்கள், தங்கள் கோரிக்கை வெறும் வசையன்று எனக் காட்டும்பொருட்டு, மருத்துவமனைகளிலுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் ‘சைல்ட்ஸ் பிளே’ அறக்கட்டளைக்காக 80,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். தாங்கள் கொடுக்கும் பணம் புதிய முடிவை உருவாக்குவதற்கானது எனச் சிலர் தவறாக எண்ணியதால், அறக்கட்டளையே தலையிட்டு அந்தத் திரட்டலை நிறுத்தச் சொன்னது. மற்றொரு குழு 400 கப்கேக்குகளை எட்மன்டன் அலுவலகத்துக்கு அனுப்பியது. மேலே பூசிய கிரீம் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறம், உள்ளே எல்லாமே வெனிலாச் சுவை. ஸ்டூடியோ அவற்றை இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. விளம்பரம் ஏமாற்றியதாக அமெரிக்க வணிக ஆணையத்துக்கும் பிரித்தானிய விளம்பரத் தர அமைப்புக்கும் முறையீடுகள் சென்றன; பிரித்தானிய அமைப்பு அவ்விளம்பரம் தவறான எண்ணத்தைத் தரவில்லை என முடிவுசெய்தது. அதே ஆண்டு ஓர் அமெரிக்க நுகர்வோர் இணையதளத்தின் வாக்கெடுப்பில், நாட்டின் மிக மோசமான நிறுவனம் என்ற பட்டத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பெற்றது. கடன் நெருக்கடிக் காலத்தில் வீடுகளைப் பறிகொடுத்தவர்களின் வெறுப்புக்கு ஆளான வங்கி ஒன்றையும் அது பின்னுக்குத் தள்ளியது என்பது ரசிகர்களின் கோபம் அளவிழந்துவிட்டதையும் காட்டுகிறது.

அளவிழந்த கோபத்தின் கொடிய முகத்தை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். பயோவேரின் பெண் எழுத்தாளர் ஒருவர், போர்க்காட்சிகளைத் தாண்டிச் செல்லும் வசதி வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணலில் கூறிய கருத்துக்காக, 2012-இல் வசைமழைக்கும் தொலைபேசி மிரட்டலுக்கும் ஆளானார். 2017-இலும், அவ்வாண்டு வெளிவந்த மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தின் முக அசைவுகள் சரியில்லாமைக்குத் தலைமைப் பொறுப்பாளர் எனத் தவறாக அடையாளம் காட்டப்பட்ட ஒரு முன்னாள் பெண் ஊழியர் தாக்கப்பட, ஸ்டூடியோ அறிக்கை வெளியிட்டு அதைக் கண்டிக்க நேர்ந்தது. கால அட்டவணையையும் முதலீட்டையும் முடிவுசெய்தவர்கள் பாதுகாப்பாக இருக்க, முடிவுசெய்யும் அதிகாரமே இல்லாதவர்கள் மீது கல் விழுந்தது; நியாயமான கோரிக்கைக்கு இதனால் நேர்ந்த இழுக்கு பெரிது.

ரே மியூசைக்கா 2012 மார்ச் 21 அன்று வெளியிட்ட அறிக்கையில், கலைஞர்களின் படைப்புரிமையைக் காத்துக்கொண்டே ரசிகர்களுக்கு விளக்கம் தரும் வழி தேடப்படுவதாகத் தெரிவித்தார். ஜூன் 26 அன்று விலையின்றி வழங்கப்பட்ட நீட்டிக்கப்பட்ட முடிவு, மூன்று வழிகளின் பின்விளைவுகளையும் தனித்தனியே காட்டியதோடு, மூன்றையும் மறுக்கும் நான்காம் வழியையும் சேர்த்தது. வெளிவந்துவிட்ட ஆட்டம் ஒன்றின் முடிவே ரசிகர்களின் குரலால் திருத்தப்பட்டது என்னும் வகையில் இது அரிய நிகழ்வு. அவ்வாண்டு செப்டம்பரில் மியூசைக்காவும் ஜெஷக்கும் ஒருசேரத் துறையிலிருந்தே விலகினார்கள்.

2014 நவம்பரில் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. முந்தைய பாகங்களின் முடிவுகள் அனைத்தையும் ஆடுபவர் தாமே பதிந்துகொண்டு புதிய ஆட்டத்துக்கு எடுத்துவர ‘கீப்’ என்னும் கருவியையும் அப்போது பயோவேர் உருவாக்கித் தந்தது. கணக்கு மறக்கப்படவில்லை என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த வெற்றியே ஸ்டூடியோவுக்குள் ஒரு தீங்கான நம்பிக்கையை வளர்த்தது. ஓர் ஆட்டத்தின் உருவாக்கம் எவ்வளவு குழப்பமாக நடந்தாலும் கடைசிச் சில மாதங்களின் இரவுபகல் உழைப்பில் எல்லாம் கூடிவரும் என்ற அந்த நம்பிக்கைக்கு உள்ளே இருந்தவர்கள் ‘பயோவேர் மேஜிக்’ என்றே பெயரிட்டிருந்ததாக, 2019 ஏப்ரலில் இதழாளர் ஜேசன் ஷ்ரையர் ஊழியர்கள் பலரிடம் கேட்டு எழுதிய கட்டுரை வெளிப்படுத்தியது.

2017 மார்ச்சில் வந்த ‘மாஸ் எஃபெக்ட்: அண்ட்ரோமெடா’ அந்த மேஜிக் பொய்த்த முதல் ஆட்டம். மான்ட்ரியால் கிளையில் ஐந்தாண்டுகள் நடந்த அதன் பணியில், கணினியே எண்ணற்ற கோள்களைத் தோற்றுவிக்கும் திட்டத்தில் முதல் ஆண்டுகள் வீணாகி, ஆட்டத்தின் பெரும்பகுதி கடைசி ஒன்றரை ஆண்டில் ஒட்டவைக்கப்பட்டது. ஆட்டத்தின் காட்சி, அசைவு, ஒலி ஆகியவற்றை இயக்கும் அடித்தள மென்பொருளை என்ஜின் என்பார்கள். பயோவேரின் ஆட்டங்கள் அப்போது தழுவியிருந்த ‘ஃப்ராஸ்ட்பைட்’ என்ஜின், சுவீடனில் ‘பேட்டில்ஃபீல்டு’ போர் ஆட்டங்களுக்காக உருவானது. பொருள்களை வைத்துக்கொள்ளும் பை, ஆட்டத்தைச் சேமிக்கும் முறை போன்ற ரோல்-பிளேயிங் ஆட்டங்களின் அடிப்படைத் தேவைகளைக்கூட அதில் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. வெளிவந்த ஆட்டத்தில் மனிதர்களின் முகம் பேச்சோடு ஒட்டாமல் மரத்துக் கிடந்ததை உலகமே எள்ளியது. முகங்களைப் பின்னர் திருத்தினார்கள்; கதையைத் தொடரவில்லை. ஆட்டத்தின் இறுதியில் குவாரியன் இனத்தின் கப்பலிலிருந்து வரும் அபாயச் செய்தி, அடுத்த பகுதிக்கான தொடக்கமாகவே வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பகுதி வரவேயில்லை, அக்கப்பலுக்கு என்ன ஆயிற்று என்பதை அறிய விரும்பியவர்கள் 2018-இல் வந்த ஒரு நாவலை வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. மான்ட்ரியால் கிளை வேறொரு ஸ்டூடியோவோடு இணைக்கப்பட்டு மறைந்தது.

2019 பிப்ரவரி 22 அன்று வந்த ‘ஆந்தம்’, பயோவேரின் இயல்பிலிருந்தே விலகிய முயற்சி. ஒருமுறை விற்று முடிவதற்குப் பதிலாக, இணையத்தில் ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டு ஆடுபவர்களைத் தொடர்ந்து தக்கவைக்கும் ‘லைவ் சர்வீஸ்’ முறை பதிப்பு நிறுவனங்களுக்கு இடையறாத வருவாயைத் தருவது. கதை எழுதுவதில் தேர்ந்த ஸ்டூடியோ அந்த முறைக்குத் திருப்பப்பட்டது. பல ஆண்டுகளாக முடிவெடுக்கப்படாமல் இழுபட்ட அந்த ஆட்டம் என்ன வகையானது என்பதே, 2017-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் திரையிட்ட முன்னோட்டத்தைப் பார்த்த பின்புதான் ஊழியர்கள் சிலருக்குத் தெளிவாயிற்று. மன அழுத்தத்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடுப்பில் சென்றவர்கள் பலர். இத்தகைய ஆட்டங்களில் ஆடுபவரை மீண்டும் மீண்டும் இழுப்பது ‘லூட்’, அதாவது வீழ்த்திய எதிரிகளிடமிருந்து கிடைக்கும் ஆயுதங்களும் கருவிகளும். ஆந்தமிலோ தொடக்கத்தில் கையில் தரப்படும் முதல் நிலைத் துப்பாக்கி, பல நாள் உழைத்துப் பெற்ற உயர்ந்த ஆயுதங்களைவிட அதிகச் சேதம் விளைவிப்பதை ரசிகர்கள் ஆடிச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். கணக்கீட்டுப் பிழை அது. மற்றொரு பிழையால் சில மணி நேரம் லூட் தாராளமாகக் கொட்டியபோது மகிழ்ந்த ரசிகர்கள், ஸ்டூடியோ விரைந்து அதைத் திருத்தி மீண்டும் வறட்சியைக் கொண்டுவந்ததும் வெகுண்டார்கள். ஆட்டத்தை மறுபடி கட்டும் முயற்சி 2021 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. 2026 ஜனவரி 12 அன்று சர்வர்களும் நிறுத்தப்பட்டமையால், காசு கொடுத்து வாங்கியவர்களும் இனி அதை ஆட இயலாது.

ஆந்தமுக்காகப் பறிக்கப்பட்ட ஆண்டுகளின் விலையை டிராகன் ஏஜ் வரிசை கொடுத்தது. அதன் நான்காம் பாகத்துக்கான முதல் திட்டம் 2017-இல் நிறுத்தப்பட்டு, பலர் சேர்ந்து ஆடும் முறைக்கு மாற்றப்பட்டு, பின்னர் மீண்டும் தனியாள் ஆட்டமாகத் திருப்பப்பட்டது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2024 அக்டோபர் 31 அன்று வெளிவந்த ‘தி வெயில்கார்டு’ பிழைகள் குறைந்த, செப்பமான ஆட்டம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் மீது வீசப்பட்ட கண்டனங்களுள் ஒரு பகுதி, பாலின அடையாளம் பற்றிய அமெரிக்க அரசியல் சண்டையிலிருந்து வந்ததேயன்றி ஆட்டத்தைப் பற்றியதன்று. நெடுங்கால ரசிகர்களின் வருத்தமோ வேறு. ‘கீப்’ கைவிடப்பட்டது, மூன்று பாகங்களின் எண்ணற்ற முடிவுகளுள், மூன்றாம் பாகத்தைச் சேர்ந்த மூன்றே மூன்று முடிவுகள் புதிய ஆட்டத்துக்கு வந்தன. முதல் பாகத்தில் ஆடுபவர் பாடுபட்டுக் காப்பாற்றிய ஃபெரெல்டன் நாடு பெருநோயால் சீரழிவதாகச் செய்தி வருகிறது; அதையும் திரையில் காட்டாமல் சில கடிதங்களில் எழுதி முடித்துவிட்டார்கள். 2012-இல் எழுந்த கூக்குரலிலிருந்து ஸ்டூடியோ கற்றுக்கொண்டது, கணக்கைச் சரியாக வைக்க வேண்டும் என்பதையன்று, கணக்கே வைக்காமல் இருப்பது எளிது என்பதைத்தான் எனக் கருத இது இடம் தருகிறது.

வெளிவந்த காலாண்டில் ஏறத்தாழ 15 லட்சம் பேரே வெயில்கார்டை ஆடினார்கள் என்றும், அது எதிர்பார்த்ததில் பாதியளவே என்றும் 2025 ஜனவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. அதன் தலைவர் ஆண்ட்ரூ வில்சன், பலர் பகிர்ந்து ஆடும் உலகங்களை இக்கால ஆட்டக்காரர்கள் நாடுவதாகச் சொல்லி அதற்கு விளக்கம் தந்தார். இந்த விளக்கம் ரசிகர்களுக்கு வேதனை தந்ததில் வியப்பில்லை. ஏனெனில் 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லேரியன் ஸ்டூடியோ, பயோவேருக்கு முதற்புகழ் தந்த பெயரிலேயே ‘பால்டர்ஸ் கேட் 3’-ஐ வெளியிட்டு, சிறு முடிவுகளுக்கும் விளைவு வைக்கும் பழைய முறையாலேயே அவ்வாண்டின் விருதுகளை எல்லாம் அள்ளியிருந்தது. பயோவேரில் ஊழியர்கள் வேறு ஸ்டூடியோக்களுக்கு மாற்றப்பட்டும் வேலைநீக்கம் செய்யப்பட்டும் போக, எஞ்சியவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்ற செய்தி 2025 ஜனவரியிலேயே வெளிவந்தது.

எஞ்சிய அச்சிறு குழுவின் கையில் இப்போது இருப்பது அடுத்த மாஸ் எஃபெக்ட். அண்ட்ரோமெடா வேறொரு விண்மீன் மண்டலத்துக்குச் சென்று, மூன்றாம் ஆட்டத்தின் முடிவைத் தொடாமல் தப்பித்தது. புதிய ஆட்டமோ பழைய மண்டலத்துக்கே திரும்புவதாக முன்னோட்டங்கள் காட்டியுள்ளன. ஆகவே சிவப்பு, நீலம், பச்சை என்னும் மூன்றனுள் எதை நடந்ததாக எடுத்துக்கொள்வது, ரெக்ஸை விர்மயரில் இழந்தவருக்கும் காப்பாற்றியவருக்கும் ஒரே உலகத்தையா காட்டுவது என்ற கேள்விகளை ரசிகர்கள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.